தொண்டைக்குழியின் பைப்பு

காரைக்குடியில் விற்பதற்காகக் கடையைத் திறந்து, விற்காமல் இருப்பதற்காகவே அதில் உட்கார்ந்திருந்த ஒரே மனிதர் தொண்டைக்குழிதான். அடித்துச் சொல்வேன். கடைக்குப் போர்டு உண்டு, போர்டில் அவர் பெயரும் உண்டு. ஆனால் அதை யாரும் படித்ததில்லை. 'தொண்டைக்குழி கடை' என்றால் போதும், ஆட்டோக்காரர் நேராகக் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

அது ஒரு பேன்சி ஸ்டோர். சீப்பு, குடை, தண்ணீர் பாட்டில் எல்லாம் கேட்டவுடன் கிடைக்கும். பொம்மை கேட்டால்தான் வம்பு. "புள்ளைக்கு எத்தனை வயசு?" என்று ஆரம்பிப்பார். மூன்றுக்குக் கீழே சொல்லிவிட்டால் தீர்ந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் ஒரு சாண் பிளாஸ்டிக் பைப்பை எடுப்பார். சின்னப் பிள்ளையின் தொண்டைக்குழி அந்த அகலத்துக்கு மேல் இருக்காது என்பது அவருடைய முடிவு. அந்தப் பைப்புக்குள் போகிற எதையும் விற்கமாட்டார். போகாததை இழுத்துப் பார்ப்பார், திருகிப் பார்ப்பார், கடித்தும் பார்ப்பார். கரடிப் பொம்மையின் கண் கையோடு வந்துவிட்டால் கரடி கடையிலேயே தங்கிவிடும். அப்படித் தங்கிப்போன கண்ணில்லாத கரடிகள் மேல்தட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். தெரியாத்தனமாக அண்ணாந்து பார்த்தவர்கள் திடுக்கிட்டுப் போவார்கள்.

"என்னண்ணே, புதுக் காருல சக்கரத்தக் காணோம்?"

"நான் இழுத்தேன், வந்திருச்சு. புள்ள இழுத்தா வராதா?"

பலூன் வாங்குவது இன்னும் கஷ்டம். "வெடிச்ச பெறகு துண்டு பூராத்தையும் பொறுக்கிருவீகளா? ஒரு துண்டு கொறஞ்சாலும் தேடுவீகளா?" என்று கேட்பார். வாங்க வந்தவர் ஒரு நொடி யோசித்தால் பலூன் மறுபடி டப்பாவுக்குள் போய்விடும்.

ஒருமுறை கோட்டையூர் டவுன் பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு பெண் தன் கைக்குழந்தைக்கு வேர்க்கடலை ஊட்டப் போனார். இவர் பின்னாலிருந்து எழுந்து போட்ட கூச்சலில் டிரைவர் பிரேக்கே போட்டுவிட்டார். மீதி வழி முழுக்கக் கடலை எங்கே போய் எப்படி அடைக்கும் என்று கழுத்தைத் தொட்டுக் காட்டிப் பேசிக்கொண்டே வந்தார். பஸ்ஸில் கடலைப் பொட்டலம் வைத்திருந்த பெரியவர்கள்கூட அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே அந்த பஸ் கண்டக்டர் கடைக்கு வந்து நின்றார். "அண்ணே, எம் மகளுக்கு ரெண்டு வயசு. திராட்சை குடுக்கலாமா?"

"நாலா வெட்டிக் குடுங்க. வெட்டுற வரைக்கும் கிட்ட விடாதீக."

இப்படித்தான் அவருடைய பயம் ஊருக்குள் பரவியது. எனக்கும் தொற்றியது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏண்ணே இம்புட்டுப் பயம்? உங்க வீட்ல ஏதும் நடந்துபோச்சா?"

"ஒண்ணும் நடக்கல. நடந்திருந்தா அன்னைக்கு ஒரு நாளு பயந்திருப்பேன். நடக்கல பாருங்க, அதான் தெனமும் பயப்படுறேன்."

நான் சிரித்தேன். அதற்கான பலனை மூன்று தீபாவளிக்கு முன்பு அனுபவித்தேன்.

என் தங்கை மீனா கோட்டையூரில் இருக்கிறாள். அவள் மகன் கதிருக்கு அப்போது ஒன்றரை வயது. அந்த வீட்டில் பொம்மைகளுக்கு நடுவேதான் மனிதர்கள் நடமாட வேண்டும். சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டி, துபாயிலிருந்து ஒரு பெட்டி, விசேஷத்துக்கு வந்தவர்கள் தந்தது, சும்மா வந்தவர்கள் தந்தது. அவ்வளவு இருந்தும் பயல் கையில் எப்போதும் ஒரே ஒரு பிளாஸ்டிக் லாரிதான். மாப்பிள்ளை புதுவயல் அரிசி ஆலையில் லாரிக்கு லோடு ஏற்றி அனுப்புகிற வேலையில் இருக்கிறார். மகனும் அதே தொழிலில் இறங்கிவிட்டான்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்பு போயிருந்தபோது மீனா என்னை ஓரமாக அழைத்தாள்.

"அண்ணே, ஒன்னையக் கையெடுத்துக் கும்பிடுறேன், பொம்மை மட்டும் வாங்கியாந்துராத. வைக்க எடமில்ல. ஆனா வெறுங்கையோடயும் வந்துராத. தேவகோட்டையில இருந்து எங்க நாத்தனா வருது. தாய்மாமன் என்ன கொண்டாந்தாருன்னு மொதக் கேள்வியே அதான் கேக்கும்."

வாங்கினால் தங்கை, வாங்காவிட்டால் நாத்தனார். எந்தப் பக்கம் போனாலும் அடி எனக்குத்தான். வேறு வழி தெரியாமல் தீபாவளிக்கு முதல் நாள் காலையில் தொண்டைக்குழி கடைக்குப் போய் நின்றேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வீட்ல கெடக்குற அம்புட்டுப் பொம்மையும் யாரு பாத்தா?"

"யாருண்ணே பாப்பா? பொம்மைதான."

அவர் முகம் வெளுத்துவிட்டது. வருஷத்தில் வியாபாரம் கொட்டுகிற ஒரே நாளில் ஷட்டரை இழுத்துப் பூட்டினார். பைப்பை எடுத்துக்கொண்டு என் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தார். "போங்க. மெதுவாப் போகாதீக."

மீனா வீட்டுக் கூடத்தில் பொம்மைக் குவியலைக் கண்டதும் மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பைப்பில் விட்டுப் பார்க்க ஆரம்பித்தார். கதிர் அவருக்கு எதிரே உட்கார்ந்து அந்தப் பைப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நிமிஷத்தில் மஞ்சள் வாத்து ஒன்று அவர் கைக்கு வந்தது. அழுத்தினால் பாடுகிற வாத்து. புரட்டினார். அடிமூடி தானாகக் கழன்று விழுந்தது.

"இதுல பொத்தான் பேட்டரி மூணு இருக்கணும். ரெண்டுதான் இருக்கு."

விழுந்த மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்குரூவும் இல்ல. யாரோ தொறந்திருக்காக. யாரு?"

திறந்தது நான்தான். மூன்று நாளைக்கு முன்பு, மீனா என்னை ஓரமாக அழைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை, வாத்து ஒரே பாட்டை நாற்பது தடவை பாடிவிட்டது. யாரும் பார்க்காதபோது ஸ்குருவைக் கழற்றி ஒரு பேட்டரியை உருவி இரண்டையும் டிவி ஸ்டாண்டில் வைத்தேன். போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. டிவி ஸ்டாண்ட் கதிரின் மூக்கு உயரம்.

"புள்ள காலையில இட்லி தின்னுச்சா?" என்று தொண்டைக்குழி கேட்டார்.

"துப்பிட்டான்ணே. ரெண்டு நாளா எச்சி வேற ஒழுகுது. பல்லு மொளைக்குதுன்னு இருந்தோம்..." என்றபடி மீனா கதிரை வாரித் தூக்கிக்கொண்டாள்.

"தேடிக்கிட்டு நிக்காதீக. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. தண்ணிகூடக் குடுக்காதீக. பேட்டரி உள்ள போயிருந்தா புண்ணாக்கிரும். நான் இங்குட்டு இருந்து தேடுறேன்."

காரை மாப்பிள்ளை ஓட்டினார். கதிர் மீனாவின் மடியில் ஜன்னலைத் தட்டிக்கொண்டு வந்தான். அவன் ஒருமுறை இருமினான். கார் ஒரு ஆட்டம் ஆடியது. பாதி வழியில் என்னால் முடியவில்லை. "மீனா, அந்த வாத்தத் தொறந்தது நான்தான்" என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. பிள்ளையின் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்? கும்பிட வேண்டிய சாமி பெயர்கூட எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். திரையில் படம் வந்தது. விலா எலும்புகள், அதற்குக் கீழே வயிறு. வயிற்றுக்கு நடுவில் வெள்ளையாக, வட்டமாக ஒன்று.

மீனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை என் கையைப் பிடித்தார். அது ஆறுதலுக்கா, முறுக்கி உடைக்கவா என்று தெரியவில்லை. நானும் கையை இழுக்கவில்லை. உடைத்தால் உடைக்கட்டும் என்றிருந்தது.

எக்ஸ்ரே எடுத்தவர் திரையை உற்றுப் பார்த்தார். பிறகு பிள்ளையின் சட்டையைத் தூக்கினார்.

"அரைஞாணக் கழட்டுங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன்ல? தாயத்தோட கொண்டாந்து படுக்க வச்சிருக்கீக!"

பயலுக்குப் பயம் வரக் கூடாது என்று குலதெய்வம் கோயிலில் மந்திரித்துக் கட்டிய வட்டத் தாயத்து. பெரியவர்கள் மூவருக்கு உயிர் போய் வந்தது. தாயத்தைக் கழற்றி மறுபடி படம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. டாக்டரும் பார்த்துவிட்டு, "பல்லுதான், கூட்டிட்டுப் போங்க" என்றார். நான் நடைபாதையில் சுவரைப் பார்த்து நின்று கொஞ்ச நேரம் அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுதேன்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் தொண்டைக்குழியிடமிருந்து போன். "கெடைச்சிருச்சு. பதறாம வாங்க."

வீட்டுக்கு வந்து பார்த்தால் மனிதர் ஆத்தங்குடிக் கல்தரையில் நாலு காலில் நிற்கிறார். முட்டியெல்லாம் அழுக்கு, தலைமுடியில் ஒட்டடை. "நின்னுக்கிட்டுத் தேடுனா நம்ம தேடுற மாதிரிதான் இருக்கும். புள்ள மாதிரி தேடணும்ல" என்றார். பிள்ளை மாதிரியே டிவி ஸ்டாண்டிலிருந்து தவழ்ந்து போனவர், கட்டிலுக்கு அடியில் லாரியில் போய் முட்டியிருக்கிறார். லாரியின் பின்கதவைத் திறந்து எங்களுக்குக் காட்டினார். காய்ந்த இட்லி பாதி, பீரோ சாவி, மீனா பத்து நாளாகத் தேடிக்கொண்டிருந்த ஜிமிக்கி, வாத்தின் ஸ்குரு, அந்தப் பேட்டரி. அப்பனுக்குப் பிள்ளை தப்பவில்லை. கிடைத்ததையெல்லாம் லோடு ஏற்றி வைத்திருக்கிறான்.

பேட்டரியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுப் பையை ஊக்கால் குத்திக்கொண்டார் தொண்டைக்குழி. மீதிப் பொம்மைகளையும் சோதித்து முடித்திருந்தார். தேறாதவை அரிசிச் சாக்கில் ஒரு மூட்டை. தேறியவை பதினொன்று. வீட்டில் நடக்க இடம் வந்துவிட்டது.

கிளம்பும்போதுதான் சிக்கல். தரையில் கிடந்த பைப்பைக் கதிர் பிடித்துக்கொண்டான். அதன் வழியாக என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், ஊதினான், சிரித்தான். வாங்கப் போனால் வீடே அதிர்கிற மாதிரி கத்தினான். தொண்டைக்குழி பைப்பையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். பைப் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. வேட்டி இல்லாமல் நிற்கிற மாதிரி நெளிந்தார்.

"கொஞ்சம் குடுறா தங்கம், தந்துருறேன்" என்று கெஞ்சி வாங்கி வாசல்படியில் உட்கார்ந்தார். பிறந்தது தச்சு ஆசாரி வீட்டில், கைக்கு இழைக்கத் தெரியும். மாப்பிள்ளையிடம் உப்புத்தாள் கேட்டு வாங்கிப் பைப்பின் இரண்டு வாயையும் அரை மணி நேரம் தேய்த்தார். உதட்டில் வைத்து இழுத்துப் பார்த்தார். மறுபடி தேய்த்தார். கழுவித் துடைத்து, கதிரிடம் தராமல் என் கையில் வைத்தார்.

"நீங்க குடுங்க. தாய்மாமன் நீங்கதான."

மறுநாள் நாத்தனார் வந்த வேகத்தில் கேட்டார். "தாய்மாமன் என்ன கொண்டாந்தாக?"

"பைப்பு" என்றாள் மீனா. அவள் குரலில் இருந்த தெம்பைப் பார்த்து நாத்தனார் மேற்கொண்டு கேட்கவில்லை.

கதிருக்கு இப்போது நாலரை வயது. பைப் இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. தொண்டைக்குழி வேறு பைப் வெட்டி ஆணியில் மாட்டிவிட்டார். நான் மாதம் ஒருமுறையாவது கடைப்பக்கம் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருகிறேன். நம் வீட்டுப் பிள்ளைக்காக நமக்கு முன்னால் பயப்பட ஊரில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால், எனக்கு அன்றைக்குத் தைரியமாக இருக்கிறது.