நியாயத்துக்காக ஒரு சின்னத் திருத்தம்

விளையாடத் தெரிந்தவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விளையாடத் தெரியாதவர்களையும் பார்த்திருப்பீர்கள். இவர்களுக்கு நடுவே மூன்றாவதாக ஓர் இனம் உலவுகிறது: விளையாட்டுக்கு விதி செய்கிறவர்கள். அடையாளம் காண்பது சுலபம். தோற்ற மறுநாள் காலை இவர்கள் மிக அமைதியாக இருப்பார்கள். ஏமாறாதீர்கள். உள்ளே ஒரு திருத்தம் வெந்துகொண்டிருக்கிறது.

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பெயின்ட் கடை வைத்திருக்கும் றெனால்ட், இந்த இனத்தின் மணிமகுடம். சனிக்கிழமை பின்னேரங்களில் அவரவர் வீட்டில் இருந்தபடி போனில் போக்கர் என்ற சீட்டாட்டம் விளையாட ஒரு சின்னக் குழு சேர்ந்தது. காசு கிடையாது; பந்தயம் வைக்கத் திரையில் ஓடும் பொய்ச் சிப்ஸ் வில்லைகள்தான். றெனால்ட், பள்ளிமுனையில் படகு வைத்திருக்கும் அவருடைய மச்சான் எமில், கணக்கு ரீச்சர் யசிந்தா, தீவுக்கு வெளியே பெருநிலத்தில் வயல் செய்யும் கிருஷாந்தன். வென்றால் பத்துப் புள்ளி, அடுத்தவருக்கு ஏழு, பிறகு ஐந்து, மூன்று. பருவ முடிவில் கூடிய புள்ளிக்காரருக்கு ஒரு கோப்பை. இவ்வளவுதான் சட்டம். ஒரு வாரம் உயிரோடு இருந்தது.

முதல் வாரமே றெனால்ட் சிப்ஸ் எல்லாம் தோற்று முதல் ஆளாக வெளியே போனார். மறுநாள் பூசை முடிந்து வந்ததும் வட்ஸ்அப்பில் அவருடைய குரல் வந்தது: "எல்லாருக்கும் வணக்கம். நியாயத்துக்காக ஒரு சின்னத் திருத்தம்." முதலில் வெளியேறுகிறவர் மனமுடையாதிருக்க ஆறுதல் புள்ளி ஒன்று. அடுத்த வாரம், நேரத்துக்கு வருகிறவருக்கு ஒரு புள்ளி. அதற்கடுத்த வாரம், எமில் வென்ற சந்தோசத்தில் ஒரு கடற்கரை வார்த்தையை விட்டுவிட்டதால், வாய் சுத்தத்துக்கு இரண்டு புள்ளி. எமில் பிந்தி வந்து, வீடு திரும்பும் வழியில் கழுதைகள் மறித்துக்கொண்டு நின்றன என்றான். கழுதை நியாயமான காரணம்தான், ஆனால் படம் அனுப்ப வேண்டும் என்று ஒரு விதி பிறந்தது. கிருஷாந்தன் கேட்டான், "அண்ணை, எங்கட பக்கம் மாடுதான் மறிக்கும். அதுக்குப் புள்ளி இல்லையோ?" மாடு பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது.

ஐந்து பேர் இல்லாத ஆட்டம் செல்லாது என்று ஒருநாள் றெனால்டுக்குத் தோன்றியது. ஐந்தாவது ஆளுக்கு எங்கே போவது? மனைவி பெற்றிசியாவின் போனை வாங்கி அவர் பெயரைப் பதிந்தார்.

"எனக்கு உது விளங்காது," என்றார் பெற்றிசியா.

"நீர் ஒண்டும் செய்ய வேண்டாம். திறந்து வைச்சாக் காணும்."

பெற்றிசியா போனைத் திறந்து குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு மீன் வெட்டப் போனார். ஒருவர் தொடாவிட்டால் போன் தானே அவருடைய சீட்டுகளைக் கவிழ்த்துவிடும். கட்டாயமாகக் கட்டவேண்டிய கொஞ்சச் சிப்ஸ் மட்டும் சொட்டுச் சொட்டாகக் குறையும். மற்ற நால்வரும் ஆளையாள் விழுத்திக்கொண்டிருக்க, அவர் குழம்பு இறக்கும்வரை ஆட்டத்தில் இருந்தார்.

இதற்குள் எமில் தொடர்ந்து வெல்லத் தொடங்கினான். றெனால்ட் இரண்டு நாள் அமைதியாக இருந்தார். பிறகு வந்தது தொடர் வெற்றி வரி: அடுத்தடுத்து வெல்கிறவருக்குப் பாதிப் புள்ளிதான்.

எமில் கடைக்கே வந்துவிட்டான். "அத்தான், நான் கடலில பிடிச்ச மீனில பாதியைத் திருப்பிக் கடலுக்க விடச் சொல்லுறியள், என்ன?"

"தம்பி, இது தனிப்பட்ட விசயமில்லை. எல்லாற்ர நன்மைக்கும்தான்."

"அப்ப எல்லாரும் நன்மையா இருங்கோ. நான் போறன்."

குழுவை விட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. தம்பியின் கதிரை வெறுமையாக இருந்ததைப் பார்த்துப் பெற்றிசியா சொதியை றெனால்டின் சாப்பாட்டுக் கோப்பையில் ஊற்றாமல் மேசையில் வைத்தார். "நீங்களே ஊத்துங்கோ. அதுக்கும் ஒரு விதி இருக்கும்தானே."

றெனால்டுக்குச் சொதி இறங்கவில்லை. மச்சானைக் கூப்பிடலாமா என்று நினைத்தார். விதியைத் திரும்பப் பெற ஒரு விதி இல்லாததால் கூப்பிடவில்லை.

ஐந்து பேர் இல்லாமல் கடைசி வார ஆட்டம் செல்லாதே என்று யசிந்தாதான் எமிலின் வீட்டுக்குப் போய், கெஞ்சி, அவனைத் திரும்பவும் சேர்த்தார். அன்று எமிலுக்கு முன்னால் வெளியேறாமல் இருந்தால் போதும், கோப்பை தனக்கு என்று றெனால்ட் கணக்குப் பார்த்திருந்தார். கையில் இரண்டு ராசா வந்தபோது அவருக்குக் காது சூடேறியது. எல்லாச் சிப்ஸையும் தள்ளினார். எமிலும் தள்ளினான். அவனிடம் இருந்தது வெறும் மூன்றாம் இலக்கச் சீட்டு இரண்டு. நடுவில் விழுந்த கடைசிச் சீட்டு இன்னொரு மூன்று. ஒரே இலக்கத்தில் மூன்று சீட்டு சேர்ந்தால் இரண்டு ராசா தோற்கும்; றெனால்ட் வெளியே.

எமில் போட்ட சத்தத்துக்குப் பள்ளிமுனைக் காகங்கள் எழும்பியிருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் யசிந்தா மொத்தப் புள்ளிகளைக் கூட்டினார். நம்பாமல் இன்னொருமுறை கூட்டினார். பிறகு அவருடைய குரல்: "முதலாமிடம், பெற்றிசியா அக்கா."

ஒரு நாளும் பிந்தவில்லை. ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. பெரும்பாலும் இரண்டாமிடம்; ஒரு முறைகூட வெல்லாததால் வரி இல்லை. றெனால்ட் நியாயத்துக்காகச் செய்த ஒவ்வொரு விதியும் நேரே சமையலறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவரோ அந்தப் பெயருக்கு நேரே ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை.

விரல்கள் தாமாக எழுதின: "நியாயத்துக்காக, போனைக் கையால் தொடாதவர்..."

பின்னால் மீன் வாசம் வந்தது. பெற்றிசியா தோளுக்கு மேலால் வாசித்தார். கோபிக்கவில்லை. சிரிக்கத் தொடங்கினார். கதிரையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். றெனால்ட் முகத்தைக் கடுமையாக வைத்திருக்க முயன்றார். முடியவில்லை. எழுதியதை அழித்துவிட்டுப் போனை மனைவியிடம் நீட்டினார்.

பெற்றிசியா குழுவில் பேசினார்: "தம்பி எமில், நாளைக்குச் சாப்பிட வா, நண்டு வைச்சிருக்கிறன். இனிமேல் வெண்டவர் வெண்டவர், தோத்தவர் தோத்தவர். அவ்வளவுதான்."

எமில் வந்தான். அடுத்த சனிக்கிழமை றெனால்ட் மறுபடியும் முதல் ஆளாக வெளியே போனார். ஆறுதல் புள்ளி இல்லை. மறுநாள் காலை எல்லோரும் போனைப் பயத்தோடு பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. அவர் நன்றாகத் தூங்கியிருந்தார்.

அழகான சட்டம், இல்லையா? "வெண்டவர் வெண்டவர்." அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஆனால் வாசகரே, உண்மையைச் சொல்லுங்கள். இரண்டு பேர் சமமாக வந்தால் என்ன செய்வது என்று அதில் இல்லையே என உங்களுக்கு ஒரு கணம் தோன்றியதா? தோன்றியிருந்தால், தயவுசெய்து அந்தக் குழுவில் சேரக் கேட்காதீர்கள்.