அலாரம் நானா ஏசிய பிள்ளை

வந்த வாடிக்கையாளரை வாய்க்கு வந்தபடி ஏசி, வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டே கடை நடத்துகிற வியாபாரி வன்னி முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார். அவர் அலாரம் நானா. மல்லாவிச் சந்தைக்குப் பக்கத்தில் என் தையல் கடை. அதை அடுத்து அவருடைய போன் திருத்தும் கடை. புத்தளத்தில் நெடுங்காலம் இடம்பெயர்ந்து இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அவருடைய பெயர் கடைப் பலகையில் பெரிதாக இருக்கிறது, ஒருவரும் வாசித்ததில்லை. வாய் திறந்தால் சந்தையில் தூங்குகிறவனும் எழும்பிவிடுவான் என்பதால் அலாரம்; முஸ்லிம் அண்ணன் என்பதால் நானா.

மின்சாரம் நின்றால் அவருக்குக் கோபம் வரும். திரும்பி வந்தாலும் வரும், "இவ்வளவு நேரம் எங்க போனது?" என்று. ஆனால் கைக்குழந்தையின் முகத்துக்கு முன்னால் போனைக் கண்டுவிட்டால் வருவதைக் கோபம் என்று சொன்னால் போதாது.

ஒருநாள் இளம் தம்பதி உடைந்த போனோடு வந்தார்கள்.

"கெதியாத் திருத்தித் தாங்கோ நானா. இது இல்லாட்டில் சோறு தீத்தினாலும் பிள்ளை சாப்பிடுறான் இல்லை."

"அப்ப இதையே தீத்துங்கோவன்! சோறு என்னத்துக்கு?"

நானா விடவில்லை. "பிள்ளைக்குக் கதையும் தீத்தோணும். நீங்கள் ரெண்டு பேரும் வாயைப் பூட்டி வைச்சிருந்தா அவன் ஆரிட்டக் கதை பழகுறது? கொண்டு போங்கோ. நான் திருத்த மாட்டன்!"

குழந்தைகளோடு மட்டும் அவர் சமமாகப் பேசுவார். "என்ன மகன், சார்ஜர் விற்கிற விலையைப் பாத்தீங்களோ? அநியாயம் என்ன?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். குழந்தை "ங்கா" என்றதும் எங்களைப் பார்த்துச் சீறுவார். "இவருக்கு விளங்குது. உங்களுக்குத்தான் விளங்கேல்லை."

என் தங்கை மெற்றில்டா எங்களோடுதான் இருக்கிறாள். கணவர் முல்லைத்தீவில் கடற்றொழில். மகள் ஜெசிக்கு அப்போது ஒரு வயதாகப் போகிற நேரம். "அருமையான பிள்ளை, சத்தமே இல்லை" என்று ஊரே மெச்சியது. ஒருநாள் அவளை மடியில் வைத்துப் போனில் பொம்மைப்படம் காட்டியபடி தங்கை என் கடையில் இருந்தாள். நானா பாய்ந்து வந்தார்.

"முதல் சத்தத்தை நிப்பாட்டி, பிறகு படத்தை நிப்பாட்டினாப் பிள்ளை அழாது. இஞ்ச தாங்கோ."

சத்தத்தை நிறுத்தினார். ஜெசி சிரித்துக்கொண்டே பார்த்தாள். முழுச் சத்தத்தையும் திறந்தார். அவள் கண்கூட இமைக்கவில்லை. பின்னால் போய் நின்று, "மகள்!" என்றார் தன் முழுக் குரலில். மர வாங்குக்குக் கீழே படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. எதிரே தோடம்பழம் விற்றவர் திரும்பிப் பார்த்தார். ஜெசி திரும்பவில்லை.

நானா வாயடைத்து நின்றதை அன்றுதான் முதல்முறை கண்டேன். அதுவும் ஒரு நொடிதான்.

"போனைக் குடுத்துக் குடுத்துப் பிள்ளையின்ர காதைக் கெடுத்துப்போட்டியளே!"

சந்தை முழுக்கக் கேட்டது. தங்கை அழுதபடி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். நான் அவரை மறித்தேன். கையில் கத்தரிக்கோல் இருந்தது எனக்கே பிறகுதான் தெரியும்.

"என்ர தங்கச்சியைப் பற்றி இனி ஒரு கதை கதைச்சீங்களெண்டா..."

"வெட்டுங்கோ தம்பி! வெட்டிப்போட்டு, பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ!"

வீட்டில் உறவினர்கள் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "ஒண்டுமில்லை, தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவன்." "காதைப் பற்றி வெளியில கதைக்காதையுங்கோ, பொம்பிளைப் பிள்ளை." நானாமேல் இருந்த கோபம் எனக்கு இவர்கள் பக்கம் திரும்பியது. தங்கை குசினிக்குள் போய்ச் சட்டியையும் அகப்பையையும் எடுத்து வந்து, மகளுக்குப் பின்னால் நின்று ஓங்கி அடித்தாள். நாங்கள் எல்லாரும் துள்ளினோம். பிள்ளை தன் கால்விரலோடு விளையாடிக்கொண்டிருந்தது.

மறுநாளே கிளினிக்குக்குப் போனோம். அங்கிருந்து வவுனியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். காதைச் சோதித்து முடித்த பெண்ணிடம் தங்கை கேட்டாள். "போன் பாத்ததாலயோ மிஸ்?"

"இல்லை அம்மா, இது பிறப்பிலயே. உங்கட பிழை இல்லை. ஆனா இனிச் சுணங்கக் கூடாது. பிள்ளை காதில விழுறதை வைச்சுத்தான் பேச்சைப் படிக்கிறது. காதுக் கருவி பூட்டினாப் பிறகு பிள்ளையோட ஓயாமல் கதையுங்கோ."

நான் நேரே நானாவிடம் போனேன். "போனால இல்லையாம் நானா. பிறப்பிலயாம். நாலு பேருக்கு முன்னால அவளை அழப் பண்ணினீங்களே!"

அவர் கையில் இருந்த போனை வைத்தார். கடையைப் பூட்டினார். எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்று கத்தினார்.

"தங்கச்சி! நான் பிழையாக் கதைச்சிட்டன்! மன்னிச்சுக்கொள்ளுங்கோ!"

"உள்ள வாங்கோ நானா. ஊரைக் கூட்டாதையுங்கோ."

"கூட்டத்தான் வேணும்! ஏசேக்க எல்லாருக்கும்தானே கேட்டது!"

கருவி பூட்டிய நாளிலிருந்து மாலைதோறும் வந்தார். ஜெசிக்கு எதிரே கதிரையைப் போட்டுக்கொண்டு மீன் விலை, பஸ் வராதது, பழுதான பற்றரி என்று உலகத்தின்மேல் உள்ள கோபமெல்லாவற்றையும் அவளுக்குச் சொல்வார்; இடையில் ஏதாவது கைதவறி விழுந்தால் ஒரு "யா அல்லா!". சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். மாதங்கள் போயின. பதில் வரவில்லை. நான் பெருமூச்சு விட்டால் என்மேல் பாய்வார். "அவவின்ர காது இப்பதான் பிறந்திருக்கு! பிறந்த உடன ஆர் கதைச்சது? நீங்கள் கதைச்சனீங்களோ?"

ஒரு மாலை அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பை நழுவி விழுந்து உடைந்தது. அவர் வாய் திறக்குமுன் கீழேயிருந்து ஒரு குரல்.

"யா அல்லா!"

ஜெசிதான். தங்கை சிரித்தாள், அழுதாள், பிள்ளையைத் தூக்கிச் சுற்றினாள். "அம்மா" என்ற சொல் சில நாள் கழித்துத்தான் வந்தது. நானா அதற்கும் அவளை ஏசினார், முதலில் அம்மாவைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டுமாம். அடுத்த மாதம் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசை நடக்கும்போது சுவாமியாரின் கையிலிருந்த புத்தகம் விழ, ஜெசி அதையே எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டாள். சுவாமியார் சிரித்துக்கொண்டே குனிந்து எடுத்தார். கதையைக் கேட்ட நானாவுக்குத்தான் வெட்கத்தில் முகம் சிவந்தது.

இப்போது ஜெசி முன்பள்ளிக்குப் போகிறாள். பேச்சில் அவளை வெல்ல முடியாது. கோபத்தில் கையை ஆட்டுவதுகூட நானாவைப் போலவேதான்.

போன நோன்புப் பெருநாளுக்கு நானா புத்தளம் போய்விட்டார். அந்தக் கிழமை முழுக்கப் பக்கத்துக் கடையில் ஏசுவதற்கு ஆளில்லை. எவ்வளவு அமைதி! எனக்கு ஒரு சட்டைகூட ஒழுங்காகத் தைக்க முடியவில்லை.