கரட்டா பூசணியா: கொழும்பு மச்சானுக்குப் பதில்

தரம் ஏழு வகுப்பறை,
பாடசாலை அகதி முகாம்,
கல்முனை.
2005 பெப்ரவரி 9

அன்புள்ள மச்சான் மசூருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அந்த 'நாங்கள்' எத்தனை பேர் என்று கிராம சேவகர் இன்னும் எண்ணி முடிக்காததால், கூரைக்குக் கீழே இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன்.

பத்திரிகையில் வெட்டி நீங்கள் அனுப்பிய 'கரட்டே சிறந்தது' கட்டுரை கிடைத்தது. ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகள் சுல்பிகாவுக்குக் கரட் கொடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். முப்பத்தொரு வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன் என்ற வகையில் மறுக்கிறேன். விற்றமின் ஏ கரட்டில் ஏறத்தாழ இருமடங்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரும்பும் விற்றமின் சீயும் பூசணியில்தான் அதிகம். கர்ப்பிணிக்கு வேண்டியது இரும்பு.

இந்த உண்மையை முகாமில் சொன்னதுதான் நான் செய்த பிழை. கடல் எங்கள் ஆட்களைக் கொண்டுபோன நாள் முதல் இங்கே யாரும் மீன் தொடுவதில்லை, மரக்கறிதான் கதி, கொழும்பு லொறி ஒன்று கரட்டை இறக்கிவிட்டுப் போக, அதே நாள் நாவிதன்வெளியிலிருந்து குணம் என்ற கமக்காரர் உழவு இயந்திரப் பெட்டி நிறையப் பூசணி கொண்டுவர, எதை முதலில் சமைப்பது என்று முகாம் கமிட்டி கூடி என்னைக் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்த, நான் இரண்டு நிரல் போட்டு எழுதிக்கொண்டிருக்கையில் சமையலுக்குப் பொறுப்பான பாத்தும்மா எழுந்து, "ஒபிசர், இதுல எது கெதியா அவியும்? அதச் சொல்லுங்க" என்றார். பூசணி என்றேன். "ஓம், ஒபிசருக்குப் பல்லில்ல, அதுதான் பூசணில இவ்வளவு பாசம்" என்றார் கரட் கட்சிக்காரர் ஒருவர். கூட்டம் ஒன்றரை மணித்தியாலம் நடந்தது. வீடிழந்த நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்குக் கோபப்படுவதற்குக் கைக்கெட்டிய தூரத்தில் ஒரு பொருள் கிடைத்திருந்தது. கடைசியில் சமாதானத்துக்காக இரண்டையும் ஒரே கிடாரத்தில் போட்டார்கள். வட்டிலப்பம் போல் இனித்த அந்தக் கறியைச் சிறுவர்கள் மட்டும் தின்றார்கள்.

சுல்பிகா அதையும் தொடவில்லை. பிளேன்டீயும் இரண்டு பிஸ்கட்டும்தான். மருமகன் அப்ராஸ் கடலுக்குப் போனால் அவர் திரும்பி வந்த பிறகே சாப்பிடுவது அவள் வழக்கம், உங்களுக்குத் தெரியும். கடல் பொங்கிய அன்று காலை போனவர் இன்னும் திரும்பவில்லை. "புள்ள, உனக்கு இரும்பு காணாது" என்று மில்லிகிராம் கணக்கோடு சொன்னேன். "அவரு வரட்டும் வாப்பா, ரெண்டு பேருமாச் சாப்பிர்றம்" என்றாள். திணைக்களம் வெளியிட்ட எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் இதற்குப் பதில் இல்லை. வயிற்றுப் பிள்ளை வளர்ச்சி காணாது என்கிறார் மருத்துவமாது. ஆகவே கட்டுரை அனுப்ப வேண்டாம், நீங்களே வாருங்கள். தாய்மாமன் ஊட்டினால் ஒரு பிடியாவது தின்பாள். அவளுடைய உம்மா, உங்கள் ராத்தா, உயிரோடு இருந்திருந்தால் உங்களைக் கேட்டிருக்க மாட்டேன்.

மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எனது சலாம். அல்லாஹ் உங்கள் வீட்டையும் சுவர்களையும் பாதுகாப்பானாக.

வஸ்ஸலாம்.
இப்படிக்கு,
அச்சிமுகம்மது
விவசாயப் போதனாசிரியர் (ஓய்வு)

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று பகல் சுல்பிகா தானாகவே பீங்கானை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று, சோறும் கறியும் நிறைய வாங்கி, முழுவதையும் சாப்பிட்டாள். கறி, கரட். கையைக் கழுவிவிட்டு வந்து, "இனி அவரப் பாத்திரிக்க மாட்டன் வாப்பா" என்றாள். நீங்கள் அவசரப்பட்டு வரத் தேவையில்லை. அப்ராஸுக்காக அவள் இத்தா இருக்க வெள்ளைச் சீலை இரண்டு மட்டும் அனுப்புங்கள்.