புளி படாத ராணி

பூட்டுக்கடை அழகுராஜா ஒரு காசைப் பார்த்தால் அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவார். அதாவது, அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். புழங்காத காசு யூஎன்சி, லேசாகப் புழங்கியது எக்ஸ்எஃப், முகம் தேய்ந்தது வெறும் குட். வீட்டில் அப்பளம் முதல் மாமியார் வரை கிரேடு போட்டாயிற்று. மனைவி புவனேஸ்வரிக்கு மட்டும் போட்டதில்லை; அதற்குத் தைரியம் வேண்டும்.

கார்த்திகைக்கு முதல் நாள் அவருக்கு ஒரு கவலை வந்தது. ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் நாணயக் கண்காட்சி. தன்னுடைய 1862 விக்டோரியா ராணி வெள்ளி ரூபாயை அங்கே வைத்து நாலு பேரிடம் பெயர் வாங்க வேண்டும். ராணியின் மேல் நூற்றறுபது வருஷத்துக் கருமை படிந்திருந்தது. மதிப்பே அதில்தான். புவனேஸ்வரியோ கொல்லையில் பாத்திரங்களைக் குவித்துப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

“இந்தா பாரு புவனா, பழைய வெள்ளியில புளி பட்டுச்சு, மதிப்பு அம்புட்டும் போச்சு. என் ராணியத் தொட்டுறாத!”

“சரி. நீங்க செத்த நேரம் கூட வந்து விளக்கத் தேய்ச்சா என்னவாம்? இடுப்பு விட்டுப்போகுது.”

“கிரேடு போடுற கைம்மா இது!”

மத்தியானம் சாப்பிட வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். சாமி தட்டில் எரிந்த கற்பூரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளிக் காசு பளபளவென்று சிரித்தது.

“அடியே! என் ராணி!”

“கருகருன்னு கெடந்துச்சுங்க. நல்ல நாளும் அதுவுமா...” புவனேஸ்வரி தலைகுனிந்துகொண்டாள்.

அழகுராஜாவுக்குக் கண் கலங்கியது. திட்டத்தான் வாயெடுத்தார். புளித் தண்ணீரில் ஊறி வெளுத்துப்போன அவள் விரல்களைப் பார்த்ததும் கோபம் பாதியிலேயே கரைந்தது. பாவம், தனியாக எவ்வளவுதான் தேய்ப்பாள்?

“சரி, விடு. ஆனா இனிமே இந்த வீட்டுல நீ புளியத் தொடக் கூடாது! விளக்கு, சொம்பு, தாம்பாளம் எல்லாம் நானே தேய்க்கிறேன். வருஷா வருஷம் நானே!”

“சாமி முன்னாடி சொல்றீங்க.”

“சத்தியம்!” தட்டைப் பார்க்க மனசு வராமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு கற்பூரத்தை அடித்து அணைத்தார்.

கண்ணைத் திறந்தபோது அவள் பீரோவிலிருந்து குட்டி பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள். உள்ளே கருமை மாறாமல் ராணி.

“அப்ப... தட்டுல?”

“நம்ம கல்யாணத்துக்கு நகைக்கடையில குடுத்த லட்சுமி காசு.” புளிச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். “ராணிக்கும் லட்சுமிக்கும் வித்தியாசம் தெரியாட்டி என்ன, குத்துவிளக்குத் தேய்க்க இந்தக் கை போதுங்க.”