செல்வியக்காவின் குரல் எங்கே போனது

பெய்கிற மழையைப் பார்த்து, "கொஞ்சம் பொறுங்க, ரெக்கார்டிங் போகுது" என்று கையமர்த்திய மனிதர் இலங்கையின் இந்த ஊவா மாகாணத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒரே கூரையின் கீழ் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், எனக்கு அடுத்த வீட்டுக்காரர். தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீசியன். சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. மைக்கண்ணன் வீடு என்றால் பதுளை பஸ் கண்டக்டரே சரியான இடத்தில் இறக்கிவிடுவார்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, உள்ளறையை ஸ்டூடியோ ஆக்கியிருந்தார். சுவரெல்லாம் கம்பளியும் சாக்கும். ஆனாலும் எங்கள் லயத்துச் சுவர் பக்கத்து வீட்டு விக்கலைக்கூடக் காட்டிக்கொடுக்கும். அவர் பதிவு செய்யும்போது லயமே மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். என் கதவைத் தட்டுவார்.

"டீச்சர், தேங்கா துருவுறீங்களா?"

"ஆமாண்ணே."

"பாட்டுல கேக்குது. சரணம் முடியட்டும், அப்புறம் துருவுங்க."

ஒருமுறை கூவிக் கெடுத்த சேவலைத் தூக்கிக்கொண்டு போய்க் கீழ் லயத்தில் விட்டுவிட்டு வந்தார். கீழ் லயத்துக்காரர்கள் அதைக் கறி வைத்துவிட்டார்கள். சேவல் எங்களுடையது.

பாடுகிறவர் அவர் மனைவி செல்வியக்கா. மலையில் கொழுந்து பறிப்பவர். பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே சரியாகக் கேட்காது. பாடினால் எதிர்மலையில் பறிப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். மாரியம்மன் மேல் தானே ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். அதைத் திருவிழாவில் கோயில் ஸ்பீக்கரில் போடுவதென்று முடிவாயிற்று.

மைக்கண்ணன் கோயில் மைக்கை இரவல் வாங்கினார். அதன் வயர் கம்ப்யூட்டருக்குப் பொருந்தாததால் வெட்டி, வேறு முனையைத் தானே பற்றவைத்தார். இசையைக் கம்ப்யூட்டரிலேயே கோத்துச் சேர்த்தார். முடிந்ததும் என் தலையில் ஹெட்போனை மாட்டினார். இரண்டு காதிலும் அக்காவின் குரல் நிறைந்திருந்தது.

திருவிழாவன்று பாட்டு தொடங்கியது. மேளம் வந்தது. புல்லாங்குழல் வந்தது. குரல் மட்டும் வரவில்லை. "ஊமைப் பாட்டுடோய்" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. மைக்கண்ணன் ஸ்பீக்கருக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தார். புதுச்சேலை கட்டி முன்னால் நின்ற அக்கா, அர்ச்சனைத் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

"அம்மனுக்கு என் குரலு வேணாம் போல" என்று மறுநாள் என்னிடம் சொன்னார். அதன்பிறகு மலையில்கூட அவர் பாடி நான் கேட்கவில்லை.

மைக்கண்ணன் விடவில்லை. ஸ்பீக்கரை மாற்றினார், கம்ப்யூட்டரைக் கழற்றிப் பூட்டினார். ஹெட்போனில் கேட்டால் குரல் இருக்கும். கோயில் ஸ்பீக்கரில் போட்டால் ஓடி ஒளிந்துகொள்ளும்.

"ஒன் குரலு உள்ளதான் இருக்கு செல்வி. ஒரே ஒருக்கா திரும்பப் பாடேன்."

"விடுங்க. சோறு ஆறுது."

ஐப்பசி மழையில் ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறதென்று அக்காவைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்பவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின், மைக்கண்ணன் கம்ப்யூட்டரையும் வயரையும் பையில் போட்டுக்கொண்டு பதுளை பஸ் ஏறினார். அவரைத் தனியாக விட மனமில்லாமல் நானும் கூடப் போனேன். கடைவீதியில் ரேடியோ திருத்துகிற, எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத பத்த வச்சது யாரு?"

"நான்தான் நானா."

"இந்த மைக்குல ஒரே குரலு ரெண்டு கம்பியில வரும். ஒண்ணு நேரா, மத்தது தலைகீழா. நீங்க காதுக்கு ஒண்ணா பிரிச்சுக் குடுத்திருக்கீங்க. ஹெட்போன்ல தனித்தனியா கேக்கும். கோயில் ஸ்பீக்கர்ல ரெண்டும் ஒண்ணா சேர்ந்தா, ஒண்ண ஒண்ணு அழிச்சிரும்."

ஒரு பக்கத்துக் குரலை நீக்கினார். மற்றதை மட்டும் வைத்துக் கடை ஸ்பீக்கரில் போட்டார். செல்வியக்கா பாடினார். ரேடியோ வாங்க வந்த ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அவ்வளவுதானா நானா?"

"அவ்வளவுதான்."

திரும்பும் பஸ் ஹாலிஎலயை நெருங்கும்போது மைக்கண்ணன் சொன்னார். "அம்மன் ஒதுக்கிருச்சுன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டா டீச்சர். குத்தம் என் வயர்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பேனே."

அடுத்த திருவிழாவில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். மேளம், புல்லாங்குழல், அதற்கு மேலே அக்காவின் குரல். போன திருவிழாவில் சிரித்த வாய்களெல்லாம் முந்தானைக்குள் இருந்தன. பாட்டு முடிந்ததும் மைக்கண்ணன் கூட்டத்துக்குள் இறங்கி, பூசாரியிலிருந்து கடலை விற்கிறவர் வரை ஒவ்வொருவராகக் கேட்டார்.

"குரலு கேட்டுச்சுங்களா?"

என்னிடமும் வந்தார். "கேட்டுச்சுண்ணே. நல்லா கேட்டுச்சு" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். சற்று நேரத்தில் சுற்றிக்கொண்டு திரும்ப என்னிடமே வந்து, "டீச்சர், குரலு கேட்டுச்சுங்களா?" என்றார்.

முதல் தடவை கேட்கிறவருக்குச் சொல்வதுபோலவே சொன்னேன்.