இன்னும் ஒரு அரைத் திருகு

மூன்றாவது வளைவில் அந்த ஆரஞ்சு நிறக் குட்டி ரிமோட் கார் மறுபடியும் வாலை வீசியது. பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்த்து, இரண்டும் ஒரு முடிவுக்கு வராமல், சுவரோரம் போய் மல்லாந்து படுத்துக்கொண்டது.

மேடையில் ரிமோட்டும் கையுமாக நின்ற இசொகாய் ஷும்பெய் காரை விட்டுவிட்டுக் கீழே பார்த்தான். கீழே மடக்கு நாற்காலியில் மனைவி சிசுரு ஏதோ சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

ஷிசுவோகாவில் அவர்கள் வீட்டில் உபரியாக இருந்தது ஆறு பாய் விரிக்கும் அளவில் ஒரே ஒரு அறை. மூன்று வருடமாக அதில் குட்டி டயர்களும் ஸ்பிரிங்குகளும் எண்ணெய்க் குப்பிகளும் குடியிருக்க, சிசுருவின் தையல் மிஷின் சாப்பாட்டு மேசையில் அகதியாக உட்கார்ந்திருந்தது. போன வாரம் ஷும்பெய்யின் மிசோ சூப்பில் ஒரு சட்டைப் பொத்தான் மிதந்தது. அதைப் பார்த்து அவன் முகம் சுளிக்க, அவள் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"இந்த வருஷக் கடைசிப் பந்தயத்துல முதல் மூணு இடத்துக்குள்ள வாங்க, அறை உங்களுக்கு. இல்லேன்னா எனக்கு."

அவன் இதுவரை தொட்ட உச்சம் எட்டாவது இடம். அன்றைக்கு வந்திருந்தது ஒன்பது பேர்.

இன்று பத்துப் பேர். இரண்டு அணியாகப் பிரித்து மூன்று பயிற்சி ஓட்டம், அப்புறம் பத்துப் பேருக்குமான இறுதி ஓட்டம். ஓடி முடித்தவர்கள் அடுத்த அணி ஓடும்போது வளைவுகளில் நின்று, கவிழ்ந்த கார்களை நிமிர்த்திவிட வேண்டும். சொந்தக் காரைத் தொடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஷும்பெய் வளைவில் நின்றான், மனசு ஸ்பிரிங்கில் நின்றது. கவிழ்ந்த காரொன்றைத் தூக்கி நேர் எதிர்த்திசையில் வைத்துவிட்டான். "தயவுசெஞ்சு அந்தப் பக்கமா வச்சா நல்லா இருக்கும்" என்று மேடையிலிருந்து ஒரு குரல் மிகப் பணிவாக அழுதது.

கார் பழுது பார்க்கும் மேசைக்கு அவன் திரும்பியபோது மொச்சிசுகி தயாராக நின்றார். முடிதிருத்துபவர். பதினைந்து வருடமாக இந்தக் களத்தில் எல்லோருக்கும் யோசனை சொல்பவர். அவருடைய யோசனையைக் கேட்டு யாரும் ஜெயித்ததில்லை, அவர் உட்பட.

"பின் ஸ்பிரிங் கல்லு மாதிரி இருக்குப்பா. இளக்கமா மாத்து. தரையைக் கவ்விக்கும்."

மாற்றினான். இரண்டாவது பயிற்சியில் பின்பக்கம் தரையைக் கவ்வியது, கவ்வியது, விடவே இல்லை. முன்சக்கரம் எவ்வளவு திரும்பினாலும் கார் நேராகவே போய்ச் சுவருக்கு வணக்கம் சொன்னது.

"அப்போ முன்னாடி ஷாக் அப்சார்பர்ல எண்ணெய் கெட்டி. தண்ணியா ஊத்து" என்றார் மொச்சிசுகி. சொல்லிவிட்டு, யோசனைக்குக் கூலியாகச் சிசுருவின் டப்பாவிலிருந்து ஒரு சோற்று உருண்டையை எடுத்துக்கொண்டார்.

அவசர அவசரமாக எண்ணெய் மாற்றினான். பாதி ஷாக்கில் விழுந்தது, மீதி மிச்சமிருந்த சோற்று உருண்டைகளில் விழுந்தது. சிசுரு டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தாள். பிறகு கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக் கணவனின் கண்ணெதிரே மெதுவாகச் சுருட்டி வைத்தாள். அந்த அறையின் ஜன்னல் திரைக்கு எத்தனை மீட்டர் துணி வேண்டியிருக்கும் என்றும் அவனையே கேட்டாள்.

மூன்றாவது பயிற்சியில் கார் தவளை மாதிரி குதித்தது. குதிக்காமலிருக்க மொச்சிசுகி உயரத்தைக் குறைக்கச் சொன்னார். காரின் வயிறு ஓடுதளக் கம்பளத்தில் தேய்ந்து 'கீ' என்று பாடியது. பாட்டை நிறுத்த, கார் பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கும் கம்பியைக் கழற்றச் சொன்னார். மேசைக்குப் பின்னால் சும்மா ஓட்டிப் பார்த்தபோது, கார் வளைவே இல்லாத இடத்தில் ஒருக்களித்துப் படுத்தது.

"இப்போ என்ன பண்ணலாம்?" ஷும்பெய் காரை அவரிடமே நீட்டினான்.

மொச்சிசுகி காரைக் கண்ணுக்கு நேரே பிடித்து, வாடிக்கையாளரின் கிருதாவைப் பார்ப்பதுபோல இரண்டு பக்கமும் பார்த்தார். "இடது பின்பக்கத் திருகு இருக்கு பாரு. இன்னும் ஒரு அரைச் சுத்து. அவ்வளவுதான்."

அரைச் சுற்று திருகினான். நேரமாகிவிட்டது.

பயிற்சியில் கடைசி என்பதால் ஷும்பெய்க்கு வரிசையிலும் கடைசி இடம். மேடையில் பக்கத்தில் நின்றவர் ஒகிட்சு சான். தபால் நிலையத்தில் ஓய்வு பெற்று, போன மாதம்தான் களத்தில் சேர்ந்தவர். தெரியாமல் ஏதாவது செய்துவிட்டால் பொறுத்துக்கொள்ளும்படி அவர் குனிந்து கேட்டுக்கொள்ள, இவனும் பதிலுக்குக் குனிந்தான். ஒலிபெருக்கியில் களத்துக்காரர் பேர்களை வாசித்தார். அது எப்போதும்போல யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரிதான் கேட்டது.

மணி அடித்தது. முதல் வளைவிலேயே பத்துக் கார்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தன. அந்தக் களேபரத்திலிருந்து தன் கார் மட்டும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்ததை ஷும்பெய் பார்த்தான். அவனுக்கே நம்ப முடியவில்லை.

என்ன ஓட்டம் அது. வால் வீசவில்லை, குதிக்கவில்லை, பாடவில்லை. அவன் விரல் நினைக்கும் முன்பே சக்கரம் திரும்பியது. சில இடங்களில் அவன் திருப்ப மறந்தபோதுகூடக் கார் தானாகவே புரிந்துகொண்டது. அரைத் திருகுக்கு இவ்வளவு மகிமையா என்று கண் கலங்கியது. முதல் வளைவில் எவனுடைய காரோ சுவரில் முட்டுவதும், களத்து ஆள் நிமிர்த்திவைத்தால் திரும்பவும் அதே சுவரில் முட்டுவதுமாக இருந்தது. பாவம், அவன் வீட்டில் எந்த அறை போகப் போகிறதோ என்று ஷும்பெய் மனதார இரக்கப்பட்டான்.

முதலிடம்.

மேடையிலிருந்து இரண்டிரண்டு படியாக இறங்கி, ஓடிப்போய்க் காரை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான். சிசுரு தையலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"அறை உங்களுக்கே. மிஷின் மேசையிலேயே இருக்கட்டும். இனிமே பொத்தான் விழாம பார்த்துக்கறேன்" என்றாள்.

ஜெயித்தவர் தன் காரின் அமைப்பை ஒரு தாளில் எழுதிப் பலகையில் ஒட்ட வேண்டும், மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். அது இந்தக் களத்தின் வழக்கம். ஷும்பெய் காரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுதினான். எழுதியதை விளக்கவும் செய்தான். பின் ஸ்பிரிங் ஏன் இளக்கம், முன் எண்ணெய் ஏன் தண்ணீர், கம்பி ஏன் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலே அந்த அரைத் திருகு ஏன். ஏழு பேர் குறிப்பெடுத்தார்கள். மொச்சிசுகி யாரும் கேட்காவிட்டாலும் திருகு தன் யோசனை என்று இரண்டு முறை சொன்னார்.

கூட்டத்தின் ஓரத்தில் ஒகிட்சு சான் கைகளைக் கோத்துக்கொண்டு, அவன் பேச்சை முறிக்க மனமில்லாமல் வெகுநேரம் காத்திருந்தார். அவன் மூச்சு வாங்க நிறுத்தியதும், இடுப்புவரை குனிந்து சொன்னார்:

"மன்னிச்சிடுங்க இசொகாய் சான், உங்க காரோட ஆரஞ்சு நிறம் ரொம்பப் பிடிச்சுப்போய் நானும் அதையே பூசினது என் தப்புதான், உங்களுது அதோ முதல் வளைவுச் சுவத்துல இருக்கு, கையில வச்சிருக்கிற என்னோடதைக் கொடுத்தீங்கன்னா, பெட்டியிலேர்ந்து எடுத்த நாள்லேர்ந்து தொடாத அந்தத் திருகை நான் எந்தப் பக்கம் அரைச் சுத்து சுத்தணும்னு எனக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்."