மூன்று மேடுகளுக்கு ஒரு சாலை

காலை பத்து மணி, மூன்று மண்மேடு, அமிர்தசாமி மகள் ஸ்டெல்லா. 2025 ஜூன் 11 அன்று அரசாங்கத்தின் கவனத்துக்கு வந்த விவரம் இவ்வளவுதான்.

செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகும் வழியில், ஒரு புறம்போக்கில் சைக்கிள் பறப்பதற்காக அவள் கட்டியவை அந்த மேடுகள். முதல் மேட்டில் ஏறிப் பறந்து இரண்டாவதன் சரிவில் இறங்க வேண்டும். இறங்கும் வேகம் மூன்றாவதைத் தாண்டப் போதுமானதாக இருக்க வேண்டும். சரிவு கொஞ்சம் பிசகினாலும் பல் போகும். நைனா அமிர்தசாமியின் டிராக்டரில் செம்மண் அடித்து, தண்ணீர் தெளித்து, மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டி இறுக்கியிருந்தாள். ஆகஸ்டில் போட்டி. பாண்டியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஆட்கள் வருவதாக இருந்தது. கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருக்கும் தேவநாதன் கப்பு தருவதாகச் சொல்லியிருந்தார்.

நில ஒழுங்குப் பிரிவின் அதிகாரி கோதண்டராமன் ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"இன்னாம்மா இது?"

"மேடு சார். சைக்கிள் தாண்டறதுக்கு."

"தாண்டி எங்க போவும்?"

"அடுத்த மேட்டுக்கு."

"அப்பறம்?"

"அதுக்கு அடுத்த மேட்டுக்கு. அப்பறம் திரும்பி வந்து மறுபடி மொதல்லேந்து ஏறணும் சார்."

அதிகாரி யோசித்தார். தம் அலுவலக நடைமுறையைப் பற்றித்தான் அவள் சொல்கிறாள் என்று தோன்றியிருக்க வேண்டும். குரல் கனிந்தது.

"பறக்கறதுக்கு நம்மகிட்ட விதி இல்லம்மா. பள்ளத்துக்கு இருக்குது, குழாய்க்கு இருக்குது. மேடுன்னா ஒண்ணே ஒண்ணுதான், வேகத்தடை. அந்தப் பேர்ல மனு குடு, நானே சேங்ஷன் பண்றேன்."

"சார், இது வேகமா போறதுக்கு சார்."

"அப்ப இடிச்சிடட்டுமா?"

ஸ்டெல்லா மனு எழுதினாள்.

பொதுமக்களின் பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு, மூன்று வேகத்தடைகளுக்கு ஜூலையில் அனுமதி வந்தது. நிபந்தனைப்படி மேடுகளின் மேல் வெள்ளைப் பட்டை அடித்து, 'மெதுவாகச் செல்லவும்' என்று பலகையும் நட்டாள். பயிற்சிக்கு வந்தவர்கள் அந்தப் பலகையைத் தாண்டும்போதுதான் நன்றாக மிதித்தார்கள்.

அதோடு முடிந்திருக்கும். தணிக்கைக்கு வந்தவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: வேகத்தடை இருக்கிறது, சாலை எங்கே? வேகத்தடையை ரத்து செய்தால் அனுமதித்தவர் பதில் சொல்ல வேண்டும். சாலை போட்டுவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே சாலை போடுவதென்று முடிவானது.

ஊரே மகிழ்ந்தது. தேவநாதன் ஓரத்து நிலத்தை வாங்கிக் கல் நட்டு, 'ஃபோர்ட் வியூ சிட்டி' என்று பேனர் கட்டினார். கடலில்லாத ஊரில் 'பீச்' என்று பெயர் வைக்கும் காலத்தில், கோட்டை உண்மையிலேயே தெரிந்தது அவருடைய நேர்மை.

போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது ஜேசிபி வந்து மேடுகளைத் தள்ளியது. ஸ்டெல்லா அலுவலகத்துக்கு ஓடினாள்.

"சார், நீங்க சேங்ஷன் பண்ண மேட்ட இடிச்சிட்டாங்க!"

"டென்ஷன் ஆவாதம்மா. அது ஃபைல்ல பத்திரமா இருக்குது. ஒருத்தனும் தொட முடியாது."

திரும்பும் வழியில் கடைவீதியில் தேவநாதனைப் பிடித்தாள்.

"அண்ணா, கப்பு?"

"கப்பு ரெடிதாம்மா. மேடுதான் இல்ல."

போட்டி பாண்டிக்குப் போனது.

சாலை கண்ணாடி போல இருந்ததால் லாரிகள் பறந்தன. ஒரு லாரி உரசியதில் தேவநாதனின் ஸ்கூட்டர் ஓடையில் கிடந்தது. அதற்குள் மனை வாங்கிக் குடிவந்திருந்த ஃபோர்ட் வியூ சிட்டிக்காரர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு வேகத்தடை கேட்டார்கள். பதில் விரைவிலேயே வந்தது: தாங்கள் குறிப்பிடும் இடத்தில் ஏற்கெனவே மூன்று வேகத்தடைகள், வெள்ளைப் பட்டையுடன், நல்ல நிலையில் உள்ளன. கூடுதலாகத் தேவையில்லை.

அரசாங்கம் போடாவிட்டால் வீட்டுக்காரரே வாசலில் ஒரு மேடு போட்டுக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். தேவநாதன் ஸ்டெல்லாவைத் தேடி வந்தார்.

"நீதாம்மா மேடு கட்டறவ. ஒண்ணு போட்டுக் குடு."

"எனக்கு ஒரு தினுசுதான்ணா தெரியும். ஒண்ணா வராது, ரெண்டா வரும்."

"எந்த தினுசா இருந்தா இன்னா? மேடுன்னா மேடு."

"யோசிச்சி சொல்லுங்க."

"சொல்லிட்டேன்மா. கட்டு."

அவள் கட்டினாள். ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று. தண்ணீர் தெளித்து, தட்டித் தட்டி, பிசகில்லாமல்.

2025 டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை காலை, புதிய சாலையில் உள்ள வேகத்தடைகளின் நல்ல நிலையை நேரில் உறுதி செய்ய வந்த கோதண்டராமனின் ஜீப் முதல் மேட்டில் ஏறி, இரண்டாவது மேட்டின் சரிவில் நான்கு சக்கரமும் ஒன்றாக இறங்கியது. ஃபோர்ட் வியூ சிட்டிவாசிகள் கை தட்டினார்கள். கப்பை டிரைவருக்குக் கொடுத்தார்கள்.